தச்சரின் உளியும் கணினியின் கணக்கும்



2013ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஃபிரே, மைக்கேல் ஆஸ்போர்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு நீண்ட பட்டியலை வெளியிட்டனர். 702 தொழில்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் கணினியின் கைக்குப் போய்விடும் வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணால் குறித்திருந்தனர். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்த எண் 0.0044. அரை விழுக்காட்டிற்கும் குறைவு. தச்சருக்கு 0.72. பட்டறையில் அலமாரி செய்யும் தச்சருக்கோ 0.92. என் தொழில் பிழைத்தது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நான் பட்டியலைத் தேடியது எனக்காக அன்று.

ஆறாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை என்னிடம் கேட்ட கேள்விக்காகத் தேடினேன். "சார், பையனுக்குப் படிப்பு சுமார்தான். ஆனா கையில வேலை இருக்கு. மரத்தைக் கொடுத்தா எதையாவது செஞ்சிடுறான். மூனாம் படிவம் முடிஞ்சதும் தொழிற்கல்லூரியில தச்சு வேலைக்குப் போடலாமா? இல்ல, அதுக்குள்ள எல்லாத்தையும் ரோபோ செஞ்சிடுமா?" என்றார் அவர். காஜாங்கில் பாரவுந்து ஓட்டுபவர். தம் தொழிலைப் பற்றியும் அதே அச்சம் அவருக்கு உண்டு. இத்தகைய கேள்விக்கு 'முயற்சி திருவினையாக்கும்' என்று விடை சொல்லி அனுப்பிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறோம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்த 0.92ஐப் பார்ப்போம். ஆய்வாளர்கள் 702 தொழில்களையும் ஒவ்வொன்றாக ஆராயவில்லை. 70 தொழில்களை மட்டும் வல்லுநர்களோடு அமர்ந்து மதிப்பிட்டு, எஞ்சியவற்றைக் கணினி முறையால் கணித்தனர். தொழில்நுட்பத்தால் செய்ய முடியுமா என்பதுதான் அவர்களின் கேள்வி. எந்த ஆண்டில், எந்த நாட்டில், என்ன கூலிக்கு என்பன அதில் இல்லை. 2016இல் வேறு ஆய்வாளர்கள், தொழிலை முழுதாக எடைபோடாமல் அதற்குள் இருக்கும் பணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, 21 நாடுகளுக்கான சராசரி ஒன்பது விழுக்காடாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டில் கசானா ஆய்வுக் கழகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையோ 54 விழுக்காடு வேலைகள் பேராபத்தில் உள்ளதாகக் கூறியது. ஒன்பதுக்கும் ஐம்பத்து நான்குக்கும் இடையே ஒரு சிறுவனின் எதிர்காலத்தை எப்படிக் கணிப்பது?

ஆகவே எண்களை விட்டுவிட்டு வேலையையே பார்க்கப் புறப்பட்டேன். என் பழைய மாணவர் ஒருவர் காஜாங், செமினி வட்டாரங்களில் சமையலறை அலமாரி பொருத்தும் தொழில் செய்கிறார். சொந்தமாக ஒரு வேன், உதவிக்கு இரண்டு இளைஞர்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவரோடு சென்றேன்.

அவருக்குப் பலகை வெட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை பாலக்கோங்கில் உள்ளது. நாங்கள் முதலில் சென்றது அங்கேதான். சமையலறையின் அளவுகளைக் கணினியில் உள்ளிட்டால், எட்டடிக்கு நான்கடிப் பலகையில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. வெட்டும் இயந்திரம் அந்தக் கோட்டில் ஓடுகிறது. கீல் அமரும் 35 மி.மீ. குழியும், தட்டு தாங்கும் முளைகளுக்கு 32 மி.மீ. இடைவெளியில் வரிசைத் துளைகளும் அங்கேயே விழுந்துவிடுகின்றன. இன்னோர் இயந்திரம் ஓரங்களுக்குப் பட்டை ஒட்டுகிறது. ஒவ்வொரு துண்டின்மீதும் ஓர் ஒட்டுச்சீட்டு. அங்கே உளி இல்லை, இழைப்புளி இல்லை. ஒருவர் பலகையைத் தூக்கி வைக்கிறார், மற்றொருவர் எடுத்து அடுக்குகிறார். 0.92 என்பது இந்த இடத்தைப் பற்றிய எண்ணாக இருந்தால், அது வருங்காலக் கணிப்பு அன்று. நடந்து முடிந்த கதை.

பிறகு செமினியில் ஒரு வரிசை வீட்டிற்குச் சென்றோம். பழைய வீடு. மாணவர் சமையலறைச் சுவரில் ஒளிக்கோடு காட்டும் கருவியை வைத்தார். சுவர் மேலிருந்து கீழே வருவதற்குள் ஏறத்தாழ ஒரு விரல் அகலம் சாய்ந்திருந்தது. தரை ஒரு மூலையில் தாழ்ந்திருந்தது. மூலையோ தொண்ணூறு பாகையில் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டிகள் அனைத்தும் பிசகாத செங்கோணம். பிசகாத பெட்டியைப் பிசகிய சுவரில் அமர்த்துவதுதான் பொருத்துபவரின் வேலை. கால்களைத் திருகி மட்டம் பார்க்கிறார். இடைவெளியை மூடும் குறுகிய பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பென்சிலால் சுவரின் வளைவை அதன்மேல் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டில் அறுத்து இழைக்கிறார். குழாய் எங்கே போகிறது என்று சுவரைத் தட்டிப் பார்த்துத் துளையிடுகிறார். நடுவில் வீட்டுக்கார அம்மாள் வந்து, எரிவாயு உருளையை வலப்பக்கம் மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். இதற்கெல்லாம் எந்தக் கணினியில் கோப்பு இருக்கிறது?

இந்த இடத்தில் சிங்கப்பூர்ச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், இரண்டு இயந்திரக் கைகளைக் கொண்டு ஐக்கியா நிறுவனத்தின் நாற்காலிச் சட்டகம் ஒன்றைப் பூட்டிக் காட்டினர். திட்டமிட 11 நிமிடம் 21 நொடி; பாகங்களைக் கண்டறிய 3 நொடி; பூட்டுவதற்கு 8 நிமிடம் 55 நொடி. ஆக, இருபது நிமிடத்திற்குச் சற்று மேல். உலகமே வியந்தது. வியப்புக்குரியதுதான். ஆனால் அந்தக் கைகள் ஆய்வுக்கூடத்தில் நிலையாக நின்றன. பாகங்கள் அவற்றின் எட்டும் தொலைவில் இருந்தன. மாடிப்படி வழியாகப் பெட்டியைத் தூக்கிச் சென்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாய் குரைக்கும் வீட்டில் நுழையும் வேலையை எவரும் அவற்றிடம் கொடுக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் தச்சருக்கு ஆறுதலாக முடித்திருப்பேன். என் மாணவர் அதற்கு விடவில்லை.

"சார், ரோபோவுக்கு நான் பயப்படல. அலுமினியத்துக்குத்தான் பயப்படுறேன்" என்றார். நம் ஊர் ஈரத்திற்கும் கரையானுக்கும் மரப்பலகை தாங்குவதில்லை. தொட்டிக்கு அடியில் உள்ள பலகை சில ஆண்டுகளில் ஊதிப்போகிறது. எனவே முழு அலுமினிய அலமாரிகளை மக்கள் விரும்பத் தொடங்கிவிட்டனர். அதை வெட்டிப் பூட்டும் வேலை வேறு; அதற்குத் தச்சர் தேவையில்லை. அடுத்து, புதிய வீடமைப்புப் பகுதிகள் சிலவற்றில் செங்கல் அடுக்காமல் அலுமினிய அச்சில் கற்காரை ஊற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். அந்தச் சுவர் ஓரளவு நேராக இருக்கிறது. சுவர் நேரானால் பொருத்துபவரின் திறமைக்கு மதிப்புக் குறைகிறது. இயந்திரம் தச்சரைப் போல ஆகவில்லை. வீடு இயந்திரத்திற்கு ஏற்றாற்போல் மாறுகிறது. இதை நான் எந்த ஆய்விலும் படித்ததில்லை. நாள் முழுதும் சுவரைத் தடவிப் பார்க்கும் ஒருவரிடம்தான் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருள்களின் மதிப்பு எப்படி மாறும் என்பது நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி விறகாக எரித்த காலம் ஒன்று உண்டு. வெட்டிய சில நாளில் அதில் பூஞ்சை படர்ந்துவிடும், வண்டு துளைக்கும். பிறகு போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியதும், அதே மரம் மூவார் தொழிற்சாலைகளில் நாற்காலியும் மேசையுமாகி உலகெங்கும் ஏற்றுமதியானது. மரம் சீவிய நம்மவர்களில் எத்தனை பேர் அந்த மரவேலைக்கு மாறினார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. வாய்ப்பு நம் காலடியில்தான் நின்றிருந்தது.

ஓர் ஆசிரியனாக என்னை உறுத்துவது வேறொன்று. முன்பு தச்சுப் பழக வந்த சிறுவன் முதல் ஓராண்டு அறுத்துக்கொண்டும் துளையிட்டுக்கொண்டும் இருப்பான். சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்பில்தான் கை மரத்தைப் படித்தது. இன்று அந்தத் தொடக்க வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கடினமான கடைசிப் படி மட்டும் மனிதனுக்கு எஞ்சியிருக்கிறது. கீழ்ப்படிகள் இல்லாமல் கடைசிப் படியில் எப்படி ஏறுவது? வாய்பாடு தெரியாத மாணவனிடம் கணிப்பானைக் கொடுத்துப் பின்னக் கணக்கைப் புரிந்துகொள் என்று சொல்வது போன்றது இது.

அந்தத் தந்தையிடம் நான் கூறியது இதுதான். பையன் போகட்டும். ஆனால் தனியே தச்சு என்று போக வேண்டாம். மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும் இடமாகப் பார்த்து, மரவேலையோடு கணினி வரைபடமும், கொஞ்சம் அலுமினிய வேலையும் கற்றுக்கொள்ளட்டும். விலை மதிப்பிடவும் வாடிக்கையாளரிடம் பேசவும் மலாயும் ஆங்கிலமும் வேண்டும். அதை இப்போதே தொடங்கலாம். பத்தாண்டு கழித்து வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

என் மாணவரின் இரண்டு உதவியாளர்களில் இளையவனுக்கு வயது பத்தொன்பது. அன்று அந்த வளைந்த சுவருக்கான பலகையை அவனிடம்தான் கொடுத்தார். முதல் பலகையை அதிகமாக இழைத்துவிட்டான், இரண்டாவது பிளந்தது. மூன்றாவதை அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு பலகை நட்டம் சார். இதை நான் வாடிக்கையாளர் கணக்குல எழுத முடியாது" என்று சிரித்தார். மாலை ஐந்து மணியளவில் அந்தப் பலகை சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன்; நுழையவில்லை.