கம்பெனி தபாலும் என் கைப்பேசியும்

போன வாரம் மேடவாக்கம் கூட்டு ரோடில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். குசலம் விசாரித்த பிறகு என் போனை எட்டிப் பார்த்து, "இன்னும் அந்த நாய் ஆப்புதானா சார்?" என்று சிரித்தார். அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டிங் வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க முடியாமல், பெருங்குடிப் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வாரம் மூன்று நாள் ஆவணங்கள் சரிபார்க்கும் வேலைக்குப் போனேன். முதல் நாளே கம்பெனி பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். இத்தனை வருடம் மற்றவர்களின் முகவரியைப் படித்தே காலம் தள்ளியவனுக்குச் சொந்தமாக ஒரு ஆபீஸ் முகவரி! பெருமையாகத்தான் இருந்தது.

அதைப் போனில் படிக்க மகன் போட்டுக் கொடுத்ததுதான் கே-9 மெயில். இலவசம், விளம்பரம் கிடையாது. கடிதத்தின் எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்கிக்கொள்ளலாம். கண்புரை ஆபரேஷன் ஆனவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2008-ல் ஆண்ட்ராய்டு போன் வந்த புதிதில் ஜெஸ்ஸி வின்சென்ட் என்ற அமெரிக்கர், அந்தப் போனோடு வந்த மெயில் நிரல் போதவில்லை என்று அதன் மூல நிரலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தது இது. 'டாக்டர் ஹூ' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் வரும் இயந்திர நாயின் பெயரை வைத்தார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். நான் ஒரு வரி கூடப் படித்ததில்லை. படித்தாலும் புரியாது.

2022 அக்டோபரில் ஒரு காலை, ஆபீஸ் தபால் நின்றுவிட்டது. கடவுச்சொல் தவறு என்றது போன். சரியாகத்தான் போட்டேன். நாலு தடவை போட்டேன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு. சொல்லாமலே நம்மை நிறுத்திவிட்டார்களோ என்று நினைத்து அன்று காலை டிபன் கூட இறங்கவில்லை.

விஷயம் வேறு. எங்கள் கம்பெனி தபால் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சேவையில் இருந்தது. வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி உள்ளே போகும் பழைய முறையை அவர்கள் அந்த அக்டோபர் 1 முதல் படிப்படியாக மூடிக்கொண்டு வந்தார்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். கடவுச்சொல் திருட்டு பெருகிவிட்டதால் செய்ததும் நியாயமே. பழைய முறையில் நம் கடவுச்சொல்லை ஆப்பே வைத்துக்கொள்ளும். தபால்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பது போல. புது முறைக்கு ஓஆத் என்று பெயர். இதில் கடவுச்சொல்லை மைக்ரோசாஃப்டின் பக்கத்தில்தான் போடுவோம். ஆப்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கும். ரிஜிஸ்டர் தபாலை நம் சார்பில் வாங்கிக்கொள்ள ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கிறோமே, அது மாதிரி. வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடலாம்.

கே-9 சில மாதங்களுக்கு முன்பே இந்த முறைக்கு மாறியிருந்தது. டேட்டா மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த என் கஞ்சத்தனம்தான் காரணம். அப்டேட் செய்தேன். கடவுச்சொல் பக்கம் வந்தது, போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்த திரையில், 'நிர்வாகியின் ஒப்புதல் தேவை' என்று நின்றது.

ஐ.டி. பையனுக்கு போன் செய்தேன்.

"சார், அதெல்லாம் எதுக்கு? நம்ம கம்பெனி ஆப்பை போட்டுக்கங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"எனக்கு இது பழகிப் போச்சு தம்பி. எழுத்து பெருசா தெரியுது."

"ஓப்பன் சோர்ஸ் எல்லாம் சேஃப் இல்ல சார்."

வாதம் பண்ணவில்லை. அவன் அனுப்பிய இணைப்பைத் தட்டினேன். வழக்கம்போல 'சரி', 'சரி' என்று அழுத்திக்கொண்டே வந்தவன், ஒரு திரையில் நின்றேன். இந்தப் போனின் நிர்வாகியாக ஆபீஸை ஏற்கிறீர்களா என்று கேட்டு, கீழே என்னென்ன அதிகாரம் என்று ஒரு பட்டியல். முதலில் இருந்தது: எல்லாத் தகவலையும் அழிப்பது. எச்சரிக்கை இல்லாமல்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் ட்ரங்க் பெட்டியில் அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் இருந்தன. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, நான் வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் போகும்வரை எழுதியவை. மெயில் வேனில் ஊர் ஊராய்ப் போகும் பிள்ளைக்குக் கடிதத்தில்தான் எல்லாம் சொல்வார்: நெல் விலை, அம்மாவின் முழங்கால், எந்தப் பசு கன்று போட்டது. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டை மாடியில் காய வைத்தோம். மை கரைந்துகொண்டே இருந்தது. அழிவதற்குள் போனில் படம் பிடித்தேன். நூற்று நாற்பதுக்கு மேல் தேறியது. காகிதங்கள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. படங்கள் அந்தப் போனிலிருந்து இந்தப் போனுக்கு வந்தன. பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டேன். பென் டிரைவ் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

'ரத்து' என்பதை அழுத்தினேன்.

இது வீண் பயமில்லை. அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு பெண் வேலையை விட்ட மறுநாள், அங்கிருந்து ஒரு கட்டளை போய் அவள் சொந்தப் போன் புதுப் போன் போல வெறுமையானது. ஆபீஸ் கடிதங்களோடு குழந்தையின் காதுகுத்துப் படங்களும் போயின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விலகியவர் பட்டியலில் பெயர் வந்தது, அழுத்திவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் 2014 முதலே ஆபீஸ் விஷயங்களைத் தனி அறையாகத் தடுத்து வைக்கும் வசதி உண்டு. அழித்தால் அந்த அறை மட்டும் காலியாகும். எங்கள் கம்பெனியில் அதை ஏற்பாடு செய்திருக்கவில்லை.

பிறகு மகனிடம் விளக்கம் கேட்டு, தெரிந்துகொண்டது இது. கே-9 போன்ற நிரல்களால் கம்பெனி தபாலைக் கொண்டுவர முடியாது என்பதில்லை. ஐமேப் என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. 1986-ல் மார்க் கிரிஸ்பின் என்பவர் உருவாக்கியது. எங்கள் துறையில் 1874-ல் பெர்னில் போட்ட உலக அஞ்சல் ஒப்பந்தம் மாதிரி. எந்த நாட்டுத் தபால்தலை ஒட்டியிருந்தாலும் உறையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். ஆக்டிவ்சிங்க் என்பது மைக்ரோசாஃப்ட் தன் சேவைக்கென்று வகுத்த தனி வழி. கே-9 அதில் போகாது. எக்ஸ்சேஞ்ச் இரண்டுக்குமே கதவு வைத்திருக்கிறது. ஐமேப் கதவைத் திறப்பதா, இந்த ஆப்பை ஒப்புக்கொள்வதா என்ற இரண்டு சுவிட்சும் கம்பெனி நிர்வாகியின் கையில்.

ஆகவே, தெரிந்த வித்தையைக் காட்டினேன்: விண்ணப்பம் எழுதினேன். ஒரு பக்கம். இரண்டு சுவிட்சையும் எனக்குப் போட்டுத் தர வேண்டும். பதிலுக்குப் போனுக்குப் பூட்டு எண் வைப்பேன், தொலைந்தால் அன்றே தெரிவிப்பேன், விலகும் நாளில் கணக்கை அவர்கள் கண் முன்னால் நீக்குவேன். ஐ.டி. தலைவர் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "உங்க போன் தொலைஞ்சா சீட்டை நாங்க ரத்து பண்ணிடலாம் சார், புது மெயில் வராது. ஆனா ஏற்கெனவே இறங்கின மெயிலை என்ன பண்றது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. சமீபத்திய கடிதங்கள் மட்டும் போனில் இருக்கும்படி வைத்துக்கொள்கிறேன் என்றேன். பதினோரு நாள் கழித்து அனுமதி வந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். மீட்டிங் அழைப்புகளை இந்த ஆப் நாட்காட்டியில் குறித்து வைக்காது. அழைப்பு வெறும் இணைப்பாக வந்து கிடக்கும். ஒரு தடவை அதைக் கவனிக்காமல், கோயம்புத்தூரிலிருந்து வந்த வாடிக்கையாளரை முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் காலையில் கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்து, மீட்டிங் நேரத்தைச் சுவரில் தொங்கும் தினசரித் தாளில் பென்சிலால் குறித்துவிடுவேன். சக ஊழியர்களின் முகவரிப் பட்டியலும் இதில் தானாக வராது. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

கே-9 குழு 2022-லேயே தண்டர்பேர்டு திட்டத்தோடு சேர்ந்து, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டும் வந்துவிட்டது. மகன் மாற்றச் சொல்கிறான். மாற்றினால் அந்த ஒப்புதலை மறுபடி கேட்க வேண்டுமோ என்ற பயத்தில் தள்ளிப் போடுகிறேன். அதனால்தான் நண்பருக்கு இன்னும் நாய் தெரிகிறது.

அந்த 'அழிப்பது' என்ற சொல் கிளப்பிய பயத்தில் ஒரு வேலை நடந்தது. மறு வாரமே அப்பாவின் கடிதப் படங்களை எடுத்துக்கொண்டு, வேளச்சேரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் தாளில் எடுத்து ஸ்பைரல் போடச் சொன்னேன். கடைப் பையன் இடையில் நிறுத்தி, ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"யார் சார் இது? பசு கன்னு போட்டதை எல்லாம் எழுதியிருக்காரு."

"எங்கப்பா" என்றேன். இரண்டு பிரதி போடச் சொன்னேன்.