ஒரே பெட்டியில் தாயும் மகளும்

தமிழாசிரியனுக்குக் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்கள் நகைப்பதிலும் நியாயம் உண்டு என ஓர் இரவு முழுவதும் நான் எண்ணிக் கிடந்தேன்.

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கரு. அக்கருவைச் சுற்றி வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்து அளிப்பதையே வழங்கல் என்கின்றனர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் பிறந்தது உபுண்டு. என் மாணவன் ஒருவன் நிறுவித் தந்த உபுண்டுவோடு ஈராண்டுகள் பழகிய பின், மகளை அறிந்தோம், தாயையும் காண்போமே என்னும் ஆசை எனக்கு எழுந்தது. டெபியனை நிறுவும் நிரல் தமிழிலேயே வினாக்களைக் கேட்கும் என்று அறிந்ததும் அவ்வாசை பன்மடங்காயிற்று.

அவன் முன்னரே வன்தட்டில் 100 ஜி.பி. இடத்தைக் காலியாக விட்டிருந்தான். ஒரு மாலை, துணையின்றி அமர்ந்தேன். தட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா என்னும் வாய்ப்பைக் கைநடுங்க விலக்கி, காலியிடத்தை மட்டும் சுட்டினேன். எல்லாம் இனிதே முடிந்தது. கணிப்பொறி மீண்டும் எழுந்தபோது தொடக்கப் பட்டியலில் டெபியன் மட்டுமே நின்றது. உபுண்டுவின் பெயரே இல்லை. உள்ளே சென்றால் என் கோப்புறை வெறுமையாய்க் கிடந்தது.

நான் அஞ்சியது உபுண்டுவுக்காக அன்று. காலஞ்சென்ற என் அன்னையார் பாடப் பாட நான் ஒலிப்பதிவு செய்த 43 தாலாட்டுகள் அதனுள்தான் இருந்தன. வேறெங்கும் படியில்லை. மாணவர்க்கெல்லாம் ஏட்டுச்சுவடிகள் அழிந்த கதையை ஆண்டுதோறும் சொல்லும் நான் செய்திருந்த காரியம் இது!

மறுநாள் வந்த மாணவன் சிறிதும் பதறவில்லை. கணிப்பொறி விழிக்கும்போதே எஃப்12 விசையைத் தட்டினான். தாய்ப்பலகையின் பட்டியலில் உபுண்டு, டெபியன் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. "ஐயா, ஒவ்வொரு வழங்கலும் தன் தொடக்க நிரலைத் தனித்தனி அடைவில்தான் வைக்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்டதேயன்றி வீடு இடியவில்லை" என்றான். தொடக்கப் பட்டியலை ஆக்கும் கிரப் என்னும் நிரல் முன்பெல்லாம் அண்டையிலுள்ள பிற இயங்குதளங்களைத் தானே தேடிச் சேர்க்குமாம். 2021-இல் வந்த 2.06 பதிப்பு முதல், பாதுகாப்புக் கருதி அத்தேடலை இயல்பாக நிறுத்திவிட்டனர். டெபியனில் நுழைந்து, அமைப்புக் கோப்பில் ஒரே வரியை மாற்றி, பட்டியலைப் புதுப்பித்தான். மகள் தாயின் கீழ் வந்து நின்றாள்.

ஆனால் உபுண்டு எழ வழக்கத்துக்கு மாறாக ஒன்றரை நிமிடம் தாமதித்தது. மீண்டும் என் நெஞ்சு படபடத்தது. நினைவகத்துக்குத் துணையாகும் இடமாற்றுப் பகுதியை டெபியனும் தனதாக்கிப் புதிதாக வடிவமைத்ததால் அதன் அடையாள எண் மாறிவிட்டது. பழைய எண்ணுடையதைத் தேடியே உபுண்டு காத்திருந்தது. புதிய எண்ணை எழுதியதும் தாமதம் நீங்கியது.

இரண்டுக்கும் ஒரே இல்லக் கோப்புறையை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஒரே செயலியின் இருவேறு பதிப்புகள் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதினால் பூசல் வரும், புதியவர்க்கு அது வேண்டா என்றான். ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் சமைப்பது போலும்! பாடல்களுக்கு மட்டும் பொதுவான தனிப்பகுதி ஒன்றை அமைத்தோம்.

முதற்பாடலை ஓடவிட்டேன். இடையில் அன்னையார் இருமும் ஒலியும் அப்படியே இருந்தது. மாணவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலையே 43 பாடல்களையும் இரண்டு பென்டிரைவுகளில் படியெடுத்தேன். ஒன்று என் தங்கையின் வீட்டில் இருக்கிறது.