மதிப்பும் ஊதியமும்

எமது சமுதாயம் ஆசிரியரைத் தாய் தந்தையரோடு ஒருங்கு வைத்துப் போற்றுவது. வாத்தியார் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று வழிவிடும் வழக்கத்தை எங்கள் கிராமத்தில் நான் கண்டிருக்கின்றேன். அம்மதிப்புப் போலியானதன்று. ஆயினும், அதனைப் பெறுபவர் தமது ஊதியத்தைப் பற்றிப் பேசத் தலைப்பட்டதும் அம்மதிப்பே எவ்வாறு உருமாறுகின்றது என்பதை 2021ஆம் ஆண்டில் என் வீட்டு வாசலிலேயே காண நேர்ந்தது.

அவ்வாண்டு ஜூலை 12ஆந் திகதி தொடக்கம் அதிபர்களும் ஆசிரியர்களும் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினர். 1997ஆம் ஆண்டுச் சம்பளத் திருத்தத்தோடு தோன்றிய முரண்பாடு இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீர்க்கப்படாதிருந்தமையே அதன் அடிப்படைக் காரணமாகும். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து நின்ற இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் முதலானோர், நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், முல்லைத்தீவு கேப்பாபிலவு விமானப்படை முகாமிலிருந்த தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டமை ஆசிரியரின் சினத்தை மேலும் மூட்டிற்று.

என் அக்கா வன்னியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பெருந்தொற்றுக் காலத்திற் கற்பிப்பதற்கென்று தவணை முறையிற் கைத்தொலைபேசி வாங்கி, தரவுக்கான செலவையும் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்து வந்தவர். அவரும் போராட்டத்திற் சேர்ந்தார். மறுநாள் ஒழுங்கையில் வந்த தந்தையொருவர் கேட்டார்: “ரீச்சர், நீங்களுமோ காசுக்காகப் பள்ளிக்கூடத்தை விடுறியள்?”

‘நீங்களுமோ’ என்ற அச்சொல்லிற் பாராட்டும் கண்டனமும் ஒருங்கே அடங்கியிருந்தன. ஆசிரியர் உயர்ந்தவர், உயர்ந்தவர் பணத்தைப் பற்றிப் பேசலாகாது, ஆகவே கொடுப்பதை வாங்கிக்கொண்டு அமைதியாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் தருக்கம். இத்தருக்கத்தின்படி மதிப்பானது ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டு, அந்த அளவுக்குச் சம்பளத்திற் கழிக்கப்படுகின்றது.

வேறு சிலர் ஆசிரியர் ரியூசனிலே சம்பாதிப்பதை எடுத்துக்காட்டினர். உயர்தர விஞ்ஞான பாடங்களைப் பட்டினத்திற் கற்பிக்கும் சிலருக்கு அது பொருந்தக்கூடும். பின்தங்கிய கிராமமொன்றில் அகரம் எழுதப் பழக்குபவருக்கு எந்த ரியூசன் உண்டு? நாடே வருமானமிழந்திருக்கையில் இது தகுமா என்ற கேள்வியை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. 2020 மார்ச்சிலிருந்தே பிள்ளைகளின் படிப்புக் குலைந்திருந்தது. பெற்றோரின் அச்சம் உண்மையானது. ஆனால், அக்காவைக் கடிந்துகொள்ளாத ஒருவரும் எங்கள் அயலில் இருந்தார். கூலி வேலை செய்யும் அவர் என்னிடம் சொன்னார்: “நடந்தாலும் நிண்டாலும் எங்கடை பிள்ளையளுக்கு ஒண்டுதான் தம்பி. வீட்டிலை போன் இல்லை.” அவருடைய பிள்ளைகள் பல மாதங்களுக்கு முன்னரே வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர், அதற்காக எவரும் கொதித்தெழவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் என்னைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2012ஆம் ஆண்டு ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை, ஏறத்தாழ 100 நாட்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டனர். சம்பள உயர்வோடு, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறும் அவர்கள் கோரினர். அப்போது மாணவனாயிருந்த நான் பரீட்சை பிந்துகின்றதே என்று முணுமுணுத்தேன். “அவையள் தங்களுக்கு மட்டும் கேக்கேல்லைத் தம்பி” என்று என்னைத் தேற்றியவர் அக்காவே. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், விரிவுரையாளனாகி அப்போராட்டங்களின் பயனையும் நுகர்ந்துகொண்டிருந்த நான் அவரிடம் கேட்டது: “இந்த நேரத்திலையோ அக்கா? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே.”

“இது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலை தொடங்கின பிரச்சினை. இன்னும் எவ்வளவு பொறுக்கிறது?” என்றார் அவர். என்னிடம் விடை இருக்கவில்லை.

ஒக்டோபர் 25ஆந் திகதி ஆசிரியர் கடமைக்குத் திரும்பினர். கோரியதில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரி முதல் வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பொருளாதார நெருக்கடி மூண்டு, செப்ரெம்பரிற் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. கிடைத்ததும் கரைந்து போயிற்று. எஞ்சிய இரு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26ஆந் திகதி கொழும்பிற் கூடிய ஆசிரியர் மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பிரயோகிக்கப்பட்டன. வணக்கத்துக்குரியவர் என்று நாம் கூறுவோர் வீதிக்கு வந்தபோது பெற்றது அதுவே.

பாடசாலை திறந்ததும் அக்கா முதலிற் செய்தது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறந்துபோன எழுத்துக்களை மீண்டும் கற்பித்ததாகும். அதற்கென்று அவர் மாலை வேளைகளிலும் பாடசாலையில் நின்றார். எவரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. ஒழுங்கையில் அந்தத் தந்தை இப்போதும் அவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்குகின்றார். அம்மரியாதையை அக்கா புன்னகையோடு ஏற்றுக்கொள்கின்றார். ஆயினும், அதனைக் கொண்டு கைத்தொலைபேசித் தவணையைக் கட்ட முடியாது என்பதை அன்றே அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லத் தவறிய அவ்விடையை இங்கே எழுதி வைக்கின்றேன்.