பெரிய வியாழன் கால்கள்

திண்டுக்கல்லில் தோல் ஷாப்புகள் மும்முரமாக ஓடிய காலத்தில், ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை அவர் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கும். நகக்கண்ணில் ஏறிய ஆவாரம்பட்டைக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. பெரிய வியாழன் பூசையில் சாமியார் முழந்தாளிட்டுக் கழுவும் பன்னிரண்டு பேரில், எங்கள் பங்கில் இப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். உபதேசியார் தேடிப் பிடித்து உட்காரவைப்பார். வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள், ஆனாலும் வாடை விடாது. சாமியார் துடைத்துவிட்டு முத்தமிடக் குனியும்போது கூச்சத்தில் காலை உள்ளே இழுப்பார்கள்.

“இன்னைக்கு அவந்தாண்டா ராசா” என்பாள் அம்மாச்சி.

அந்தத் தோல் ஷாப்புகளுக்காக நான் ஏங்கவில்லை. கழிவுநீர் ஊறிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் பாழானதைப் பார்த்தவன் அப்படி ஏங்கமாட்டான். போனது வேறொன்று. யாரைப் பெரிய ஆள் என்று சொல்வது என்பதில் அம்மாச்சி தலைமுறைக்குத் தனிக் கணக்கு இருந்தது.

சீர்திருத்த சபைக்காரர்கள் எல்லோரும் அவளுக்குப் பதிதர்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடத் தயங்கித்தான் குடிப்பாள். விலக்கு ஒருவர்தான்: கெய்தான். 1925இல் மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு வந்தவர். காந்தியின் கடிதத்தை 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினிடம் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்கு வீட்டில் இடம் கொடுத்தார் என்று நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவரை 1944இல் மறுபடியும் அனுப்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்து, மிஷன் பங்களாவைத் தேடாமல், கதர் கட்டிக்கொண்டு காந்திகிராமம் பக்கம் கிராம வேலையில் இறங்கிவிட்டார். சின்னாளபட்டிக்குச் சுங்குடிச் சேலை எடுக்கப் போன அம்மாச்சி அவரை ரோட்டில் பார்த்திருக்கிறாள். “வெள்ளைக்காரன் நம்மாளு மாதிரி நடந்து போறான்” என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். 1984இல் அவர் இறந்தபோது ஜெபமாலை சொன்னாள், பதிதருக்கு!

கண்புரைக்கும் ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். டாக்டர்கள் தரியனும் ஜேக்கப் செரியனும் 1955இல் தொடங்கியது. டவுனில் போர்டு மாட்டினால் கொட்டுகிற வருமானத்தை விட்டுவிட்டு, வைத்தியத்துக்கு வழியில்லாத சம்சாரிகளைத் தேடி வந்த மலையாளத்துக்காரர்கள். கட்டு அவிழ்த்த பிறகு, சோடாபுட்டிக் கண்ணாடியோடு தக்காளிக் கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, “படிச்ச படிப்புக்கு எங்கயோ இருக்கவேண்டியவங்க, இங்க வந்து எங்கண்ணத் தொறந்துவிட்டாங்க” என்றாள்.

இப்போது பூசை முடிந்ததும் விசா கிடைத்ததற்கும் மெடிக்கல் சீட் கிடைத்ததற்கும் அறிவிப்பு வாசிக்கிறார்கள். பெரிய வியாழன் வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டிகள். நன்கொடைக்காரர்களுக்கும் கால் இருக்கிறதே, கழுவட்டும்.

துபாய் மாமா கோயிலுக்குக் கெபி கட்டிக்கொடுத்தபோது, தன் பெயர் பொறித்த கருங்கல்லை முதலில் அம்மாச்சிக்குத்தான் காட்டினார். அவள் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நல்லாருக்குய்யா. கூலிய வாங்கிட்ட. இனிமே சேசு ஒனக்குக் கடனில்ல.”

அடுத்த லீவுக்கு வந்த மாமா நேராக மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.