இடிந்த மகாலும் வெடித்த அறையும்

எங்கள் காலனி இரவுப் பாடசாலைப் பிள்ளைகளை மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போகும் முன், ஒரு பழைய படத்தைக் காட்டினோம். 1792-இல் மதுரை வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வரைந்ததை வைத்து, 1798-இல் லண்டனில் வெளியான படம். அச்சிட்டு, கையால் நீர்வண்ணம் தீட்டியது.

1636-இல் கட்டிய மகால் அதில் பாழடைந்து கிடக்கிறது. இடிபாட்டை நின்று ரசிப்பது அக்கால ஐரோப்பியருக்குப் பிடித்தமானது. எங்களுக்கு அது வராது. சிவகாசிப் பக்கம் கூரை பெயர்ந்த கட்டடம் என்றால் மருந்து கலக்கும் அறைதான். அங்கே செருப்புகள் கிடக்கும். மகாலுக்காவது சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் வந்து 1866-72 காலத்தில் பழுதுபார்க்கச் செய்தார். இங்கே நிவாரணம் அறிவிப்பார்கள். சில மாதங்களில் அதே வேலைக்கு அதே தெருவிலிருந்து ஆள் போவார்கள், எங்கள் ஆட்கள்தான்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "இடிஞ்சப்போ உள்ள எத்தனை பேரு இருந்தாங்க?" அவள் அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து நிரப்பும் வேலை.

"இது வெடிச்சு இடியல தாயி. கவனிக்க ஆளில்லாம இடிஞ்சது" என்றோம்.

"அப்போ சரி" என்று அடுத்த படத்தைக் கேட்டாள்.