பம்ப் பக்கம் நிற்பவன்

தீ விபத்துப் படங்களில் என்னைப் போன்றவர்களைத் தேடிப் பயனில்லை. பத்திரிகையில் வரும் படத்தில் தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்சைப் பிடித்திருப்பவர் இருப்பார், ஏணியில் ஏறுபவர் இருப்பார், கிணற்றிலிருந்து பசுவைத் தூக்குகிறவர்கள் இருப்பார்கள். வண்டியோரம் பம்ப் பலகைக்கு முன்னால், எரிகிற கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு மீட்டர் முட்களிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிற ஆள் சட்டகத்துக்கு வெளியே இருப்பான். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நான் ஓட்டுநர். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஓட்டுநருக்கு வேலை முடிந்தது என்றுதான் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சொந்தக்காரர்கள்கூட. "நீ சும்மா வண்டிகிட்டதானே நிக்கிற, உனக்கென்ன பயம்" என்று என் அத்தை கேட்பார். எனக்குப் பயமில்லைதான். உள்ளே போனவர்களைப் பற்றிய பயம் முழுக்க என்னிடம் இருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வேலையே கணக்குதான். சாதாரண தீயணைப்பு வண்டியான வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். சிவப்பு வண்டி வந்து நின்றதும் கூட்டத்துக்கு ஒரு நிம்மதி வரும், தண்ணீர் வந்துவிட்டது என்று. 20 மில்லிமீட்டர் வாயுள்ள நாசிலை மாட்டி, நாசிலில் 4 பார் அழுத்தம் கிடைக்கும்படி ஓட்டினால் நிமிடத்துக்கு 530 லிட்டர் போகும். எட்டரை நிமிடத்தில் தொட்டி காலி. அதே அழுத்தத்தில் 12 மில்லிமீட்டர் நாசில் என்றால் 190 லிட்டர்தான். இருபத்து மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். பெரிய நாசில் தூரம் போகும், சூட்டைச் சட்டென்று தணிக்கும். சின்னது காலத்தை வாங்கித் தரும். எது வேண்டும் என்று முடிவெடுப்பவர் நிலைய அலுவலர். எத்தனை நிமிடம் மிச்சம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். "வாட்டர் ஆன்" என்ற குரல் கேட்ட நொடியிலிருந்து என் தலைக்குள் இந்தக் கழித்தல் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி பாதியாவதற்குள் அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு பேர் புகையில் தவழ்ந்துகொண்டிருக்கும்போது அவர்கள் கையிலுள்ள குழாய் தளர்ந்து தொங்கினால், அதற்குப் பிறகு நான் என்ன விளக்கம் சொன்னாலும் அது விளக்கமில்லை.

தண்ணீரைத் திறப்பதிலும் நிதானம் வேண்டும். 20 மில்லிமீட்டர் நாசிலில் 7 பார் வைத்தால், பிராஞ்சைப் பிடித்திருப்பவரை அது ஏறக்குறைய 45 கிலோ விசையோடு பின்னால் தள்ளும். ஏணியில் நிற்பவரை அப்படித் தள்ளினால் என்ன ஆகும்? அதனால் த்ராட்டிலைப் படிப்படியாகத்தான் ஏற்றுவோம். மாடிக்குப் போகும் குழாய் என்றால் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் கூட்ட வேண்டும். குழாய் நீளத்தில் உரசலுக்குப் போவது தனி. எத்தனை ஹோஸ் சேர்த்திருக்கிறார்கள், எந்த மாடியில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பம்ப் ஓட்டுபவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவன்.

தாம்பரத்தில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் பம்ப் டிரில் எடுத்த ஆசிரியர் ஒருவர் எங்களை மீட்டரைப் பார்க்கவே விட மாட்டார். பம்ப் ஓடும்போது திரும்பி நிற்கச் சொல்வார். "தம்பி, முள்ளு அப்புறம்டா. முதல்ல காத வை. என்ன சொல்லுது?" என்பார். "நல்லா ஓடுதுங்கய்யா" என்றால் போதாது. எத்தனை பிராஞ்ச் திறந்திருக்கிறது, ஒன்றை மூடியபோது சத்தம் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். அப்போது அது வீம்பு போலத் தெரிந்தது. பிறகு இரவு நேரத்தில், புகை பம்ப் பலகையை மூடி, விளக்கு வெளிச்சத்தில் முள்ளே தெரியாமல் நின்றபோது அவர் எதற்குப் பழக்கினார் என்று புரிந்தது. குளத்திலிருந்து உறிஞ்சும்போது உறிஞ்சு குழாய் முனையின் சல்லடையான ஸ்ட்ரெய்னரில் பாலித்தீன் பை அடைத்துக்கொண்டால், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல பம்ப் கரகரக்கும். தண்ணீர் பற்றாமல் உள்ளேயே நீராவிக் குமிழி கிளம்பி உடைகிற சத்தம் அது. மீட்டரிலும் தெரியும்: உறிஞ்சும் பக்கத்தைக் காட்டும் காம்பவுண்ட் கேஜில் வெற்றிடம் ஏறும், பிரஷர் கேஜ் இறங்கும். உறிஞ்சும் பக்கம் எங்காவது காற்று புகுந்தால் வெற்றிடமே விழுந்துவிடும். ஹோஸ் வெடித்தால் அழுத்தம் சடாரென்று விழும், எஞ்சின் சத்தம் மாறும். யாராவது பிராஞ்சை மூடினால் அழுத்தம் எகிறும். கட்டடத்துக்குள்ளே நடப்பது எனக்குக் கண்ணில் தெரியாது. அதில் பாதியை அந்த இரண்டு முட்களும் என் காதும் சொல்லிவிடும்.

கிராமத்துத் தீயில் அடிக்கடி கேட்கிற கோபம் ஒன்று உண்டு. "கிணத்துல இவ்ளோ தண்ணி கெடக்கு, உறிஞ்ச மாட்டேங்கிறீங்களே!" எங்கள் பம்ப் தண்ணீரை மேலே இழுப்பதில்லை. அது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. பூமியின் காற்றழுத்தம் தாங்கும் உயரமே 10.3 மீட்டர்தான். நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. எவ்வளவு பெரிய எஞ்சினை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கொங்குப் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் தண்ணீர் பதினைந்து, இருபது மீட்டருக்குக் கீழே கிடக்கும். அங்கே எங்களுக்குக் கைகொடுப்பது தோட்டக்காரரின் சொந்த மோட்டார்தான். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தீ என்றதும் பாதுகாப்புக்காக மின்வாரியத்திடம் லைனை நிறுத்தச் சொல்வோம். நிறுத்தினால் மோட்டார் ஓடாது. எரிகிற இடத்துக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டித்து, கிணற்று மோட்டாருக்கு விட்டுக் கொடுக்கத் தெரிந்த லைன்மேன் ஒருவர் அந்த ஊரில் இருந்தால் பாதி வெற்றி.

ஆகவே ஓட்டுநருக்குத் தன் நிலைய எல்லையில் எந்தக் குளத்தில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்தக் கல்யாண மண்டபத்தில் பெரிய தொட்டி இருக்கிறது, எந்தத் தெருவின் வளைவில் டெண்டர் திரும்பாது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். லீவு நாளில் மனைவியோடு கடைக்குப் போனாலும் என் கண் தாழ்வாகத் தொங்கும் கம்பியைத்தான் பார்க்கும். இதற்காக வீட்டில் வாங்கிய திட்டு நிறைய.

தண்ணீர் எப்போதும் நல்லது என்று நினைத்து இந்த வேலைக்கு வருபவர்கள்தான் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,700 மடங்கு விரியும். காற்றுப் போக வழியில்லாத அறைக்குள் கண்மூடித்தனமாக அடித்தால் அந்த ஆவி திரும்பி வந்து அடித்தவரையே வேகவைக்கும். இன்னொன்று எடை. 530 லிட்டர் ஒரு நிமிடத்துக்கு என்றால் நிமிடத்துக்கு அரை டன்னுக்கு மேல் அந்தக் கட்டடத்தின் மீது ஏற்றுகிறேன். துணிக்கடை என்றால் வழிந்தோடாது, துணி குடித்துக்கொள்ளும். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் பகுதியில் துணிக்கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து எங்கள் துறையினர் இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பழைய சுவர் என்றால் எத்தனை டன் உள்ளே போயிருக்கிறது என்று அலுவலரிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்காவிட்டாலும்.

ஏப்ரல் 14 அன்று எல்லா நிலையங்களிலும் மௌனம் காத்து, மலர் வைத்து, தீத்தொண்டு வாரம் தொடங்குவோம். 1944இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலில் பஞ்சுப் பொதிகளோடு ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. பிற்பகல் இரண்டு மணியளவில் தீ தெரிந்தது. தீயணைப்பாளர்கள் 900 டன்னுக்கு மேல் தண்ணீரை உள்ளே இறைத்தார்கள். எரிகிற இடம் எது என்று புகையில் பிடிபடவில்லை. கப்பலெங்கும் தண்ணீர் கொதித்ததே தவிர தீ அடங்கவில்லை. நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. தீயணைப்பாளர்களில் 66 பேர் போனார்கள். மேடையில் அவர்களுடைய வீரத்தைப் பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். பம்ப் ஓட்டுபவன் காதில் விழுவது அந்த 900 டன். தீயின் இருப்பிடம் தெரியாமல் எவ்வளவு இறைத்தாலும் போதாது. சரக்கு என்னவென்று கேட்காமல் பக்கத்தில் நிற்கக்கூடாது. இன்றும் குடோன் தீ என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், உரிமையாளர் முதலில் சொல்லும் பட்டியல் ஒன்று, பிறகு மெதுவாக நினைவுக்கு வரும் பட்டியல் வேறொன்று.

காலை ரோல் கால் முடிந்ததும் வண்டிக்குப் போவோம். டீசல், பேட்டரி, ஏர் பிரேக் அழுத்தம், தொட்டி. பிறகு சக்‌ஷன் வாயை மூடி, காற்றை வெளியேற்றும் பிரைமரை ஓட்டி வெற்றிடம் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். நிறுத்திய பிறகு முள் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் பெரும்பாலும் காரணம் சக்‌ஷன் இணைப்புக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வாஷர். காய்ந்து வெடித்திருக்கும், இல்லையென்றால் முந்தைய நாள் கழற்றும்போது மண்ணில் விழுந்திருக்கும். சில ரூபாய் வாஷர். அது இல்லாவிட்டால் லட்சக்கணக்கில் விலையுள்ள பம்ப் குளத்தங்கரையில் வெறும் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும். அதனால் என் சட்டைப் பையில் எப்போதும் வாஷர் இருக்கும். சலவைக்குப் போடும்போது எடுத்து வைக்கச் சொல்லி வீட்டில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். ஈர ஹோஸைக் கழுவி உலர்த்தித் திரும்ப உருட்டுவது, இணைப்புகளைத் துடைப்பது, மெஸ்ஸில் சாம்பாருக்குக் காய் நறுக்குவது எல்லாம் இதோடு நடக்கும். சாம்பார் தாளிக்கும்போது தீ அழைப்பு வருவது எங்கள் நிலையத்தில் நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

பம்ப் பக்கம் நிற்பவன் புகைக்கு வெளியே நிற்கிறான் என்று எங்களுக்கே ஒரு நினைப்பு. முகமூடி போட மாட்டோம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஓடும் எஞ்சினின் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் சேர்த்தது. 2022இல் தீயணைப்புத் தொழிலையே அதே வகையில் சேர்த்தது. கரி படிந்த உடையோடு நிலையத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதை ஒரு பெருமையாகவே நாங்கள் பழகிவிட்டோம். புதிதாக வரும் தம்பிகளிடம் முதலில் முகம், கழுத்து, கை கழுவு, பிறகு டீ என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கழுவினால் போதும்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். முழுத் தொட்டியைவிடப் பாதித் தொட்டி ஆபத்து. உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் திருப்பத்தில் இரண்டு டன் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும், பிரேக் அடித்தால் முன்னால் வந்து மோதும். சைரன் அடித்தால் எல்லோரும் வழிவிடுவார்கள் என்று நம்பிச் சிக்னலைத் தாண்டுபவன் நல்ல ஓட்டுநர் இல்லை. போய்ச் சேராத வண்டியால் யாருக்கும் பயனில்லை.

உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். 101க்கோ 112க்கோ அழைக்கும்போது இடத்தோடு சேர்த்து, லாரி வருமளவுக்குத் தெரு அகலமா, பக்கத்தில் தண்ணீர் எங்கே என்று சொல்லுங்கள். நிலையத்தின் வாட்ச் ரூமில் அழைப்பை எழுதுபவர் அதை வண்டிக்குச் சொல்வார். சைரன் கேட்டால் இடதுபுறம் ஒதுங்குங்கள். வழிவிடாதவருக்கு 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியமாக, தெருவில் தண்ணீர் ஓடும் குழாய் கிடந்தால் அதன் மேல் பைக்கை ஏற்றாதீர்கள். சக்கரம் ஏறும் நொடியில் தண்ணீர் அறுபட்டு, மறுநொடியில் அடியாகப் போய் பிராஞ்ச் பிடித்தவர் கையில் விழுகிறது. இணைப்பு நசுங்கினால் மறுமுறை பொருந்தாது. அந்தக் குழாயின் மறுமுனையில் யாரோ உள்ளே இருக்கிறார்கள். வண்டியைத் திருப்பி வேறு தெருவழியாகப் போங்கள்.