கம்பெனி மூழ்கினால் யார் பொறுப்பு?

பெட்டிக்கடையில் டீ குடிக்கும் இளவட்டங்கள் வளைகுடா வேலை பற்றிப் பேசுவது அடிக்கடி காதில் விழும். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, அதோடு சரி. கம்பெனி மூழ்கினால் என்ன கதி என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

2016-ல் சவூதி ஓஜர் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் தள்ளாடியது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, கேம்ப் மெஸ்ஸும் நின்றது. ஜெட்டாவிலுள்ள நம் துணைத் தூதரகம்தான் அரிசி, பருப்பு கொடுத்தது. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி காலாவதி, எக்ஸிட் விசாவோ முதலாளி கையில். ஊருக்கும் வர முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். 2017 ஜூலையில் கம்பெனியே மூடியது.

ஆனால் பிலிப்பைன்ஸ் விடவில்லை. திவாலான சவூதி கம்பெனிகளில் ஏமாந்த தன் நாட்டவர் 10,000 பேருக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2022 நவம்பரில் 200 கோடி ரியால் தருவதாக சவூதி ஒப்புக்கொண்டது. தாமதம்தான், ஆனாலும் வந்ததே!

உள்நாட்டில் கம்பெனி மூழ்கினால், நம் திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் தொழிலாளியின் 24 மாத பாக்கி, அடமான உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. கடல் தாண்டினால் இந்தச் சட்டம் கூட வராது.

தம்பிகளா, ஒப்பந்த நகலையும் மாதாமாதம் சம்பளச் சீட்டையும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு வழக்கென்றால் அதுதான் சாட்சி.